முதியோர் இல்லக் கட்டணம்: கொடுத்த பணத்திற்குக் கணக்குக் கேட்பது தவறா?

கண்டி நகரிலும் அதனை அண்டிய கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, அம்பிட்டிய, பேராதனை போன்ற பகுதிகளிலும் கட்டணம் பெற்று முதியோரைப் பராமரிக்கும் இல்லங்கள் இன்று புதுமையான விடயமல்ல. குளிர்ச்சியான சுவாத்தியம், அண்மையிலுள்ள கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, வெளிநாடுகளுக்குச் சென்றுவிட்ட பிள்ளைகள் ஆகிய மூன்று காரணங்களும் சேர்ந்து மலைநாட்டுத் தலைநகரை முதுமையைக் கழிப்பதற்கான இடமாகவும் மாற்றியிருக்கின்றன. ஆனால் இந்த இல்லங்களுக்குச் செலுத்தப்படும் பணம் பற்றி எவரும் பகிரங்கமாகப் பேசுவதில்லை. பெற்றோரை இல்லத்தில் சேர்த்ததே வெளியில் சொல்ல முடியாத விடயமாகக் கருதப்படும் சமூகத்தில், அதற்காகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பது அதனிலும் பெரிய வெட்கமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இந்த மௌனத்தினால் நன்மையடைவது யார் என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய கேள்வியாகும்.

நாட்டின் சனத்தொகை வேகமாக முதுமையடைந்து வருகின்றது. 1981 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் 6.6 வீதமாக இருந்தனர். 2012 ஆம் ஆண்டில் அது 12.4 வீதமாகியது. 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 65 வயதைக் கடந்தோர் மட்டுமே 12 வீதத்தைத் தாண்டிவிட்டனர். மேலைநாடுகள் செல்வந்த நாடுகளாகிய பின்னரே முதுமையடைந்தன. நாமோ செல்வந்தராவதற்கு முன்னரே முதுமையடைந்து கொண்டிருக்கின்றோம். கூட்டுக் குடும்பம் சுருங்கிவிட்டது. மகன் மெல்பேர்னிலும் மகள் டொரன்டோவிலும் இருக்க, தாயும் தந்தையும் தனித்து வாழும் வீடுகள் கண்டியில் தெருவுக்குத் தெரு உள்ளன. இருவரில் ஒருவர் மறைந்ததும் மற்றவர் இல்லத்தை நாட வேண்டிய நிலை உருவாகின்றது.

பணம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும். எல்லாக் கட்டணங்களும் வெளிநாட்டிலிருந்து வருவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வர்த்தகர் ஆகியோர் தமது வாழ்நாள் சேமிப்பை நிலையான வைப்பில் இட்டு, அதன் வட்டியைக் கொண்டே மாதக் கட்டணத்தைச் செலுத்தி வந்தனர். சிரேஷ்ட பிரஜைகளுக்கு 15 இலட்சம் ரூபா வரையான வைப்புக்கு வழங்கப்பட்ட 15 வீத விசேட வட்டித் திட்டம் 2022 ஒக்டோபரில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. அரிசி, எரிவாயு, மருந்து, மின்சாரம் அனைத்தினதும் விலை உயர, இல்லங்களின் கட்டணமும் உயர்ந்தது. வட்டி போதாதபோது முதலிலேயே கை வைக்க நேரிட்டது. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 10 இலட்சம் ரூபா வரையான வைப்புக்குச் சந்தை வட்டியிலும் 3 வீதம் கூடுதலாக வழங்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டமை ஓர் ஆறுதலே. எனினும் இடைப்பட்ட காலத்தில் கரைந்த சேமிப்பு திரும்பி வரப்போவதில்லை. இந்நிலையில் இல்லத்திடமிருந்து நியாயமாகத் திரும்ப வேண்டிய ஒரு தொகை, ஒரு முதியவரின் அடுத்த ஆண்டு மருந்துச் செலவாக இருக்கலாம்.

பிணக்குகள் எவ்வாறு எழுகின்றன? பொதுவாக இல்லங்கள் இரண்டு வகையான பணத்தைப் பெறுகின்றன. ஒன்று, சேரும்போது செலுத்தும் வைப்புத் தொகை. மற்றையது, மாதந்தோறும் முற்பணமாகச் செலுத்தும் கட்டணம். இவற்றுக்கு மேலதிகமாக அணையாடை, மருந்து, இரவுப் பராமரிப்பாளர், வைத்தியசாலைப் போக்குவரத்து என்பன தனித்தனியே அறவிடப்படலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வைப்புத் தொகை 6 இலட்சம் ரூபா, மாதக் கட்டணம் 80,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் மாதம் ஐந்தாம் நாள் அம்முதியவர் காலமாகிவிட்டால் என்ன நடக்கும்? நாட்கணக்கில் பார்த்தால் எஞ்சிய 25 நாட்களுக்குரிய 66,666 ரூபா திரும்ப வேண்டும். வைப்புத் தொகையும் திரும்ப வேண்டும். ஆனால் வைப்புத் தொகை திருப்பித் தரப்படும் என்றோ, எப்போது, எதனைக் கழித்துக்கொண்டு தரப்படும் என்றோ ஒப்பந்தத்தில் எழுதப்படாவிடின், அல்லது ஒப்பந்தமே இல்லாவிடின், குடும்பத்தினர் எதனைக் காட்டிக் கேட்பது? துக்க வீட்டில் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. நாற்பதாம் நாள் கழிந்து கேட்கும்போது பற்றுச்சீட்டு எங்கே என்ற கேள்வி எழுகின்றது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தை உறவினர் ஒருவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். அவரிடமும் எதுவும் இராது.

மரணம் மட்டுமே காரணமல்ல. முதியவர் ஒரு மாதம் வைத்தியசாலையில் இருந்த காலத்திற்கும் முழுக்கட்டணம் அறவிடப்படுவதுண்டு. தாதியர் பராமரிப்பு உண்டெனக் கூறிவிட்டு அதனை வழங்காதிருப்பதும், ஹலால் உணவு அல்லது சைவ உணவு தனியாகச் சமைக்கப்படும் என்று உறுதியளித்துப் பின் கைவிடுவதும் எழக்கூடிய பிணக்குகளே. ஐவேளைத் தொழுகையைக் கைவிடாத ஒரு முஸ்லிம் முதியவருக்கோ, வெள்ளிக்கிழமை விரதத்தைக் கைவிடாத ஓர் இந்துத் தாய்க்கோ இவை சில்லறை விடயங்களல்ல. அந்த உறுதிமொழியை நம்பியே அவர்கள் அந்த இல்லத்தைத் தெரிவு செய்திருப்பார்கள்.

இல்லங்களின் பக்கமும் நியாயம் உண்டு. ஓர் அறையை ஒருவருக்காக ஒதுக்கிவிட்டால் அவர் வைத்தியசாலையில் இருந்தாலும் அறை வெறுமையாகவே இருக்கும். பராமரிப்பாளருக்குச் சம்பளம் கொடுத்தேயாக வேண்டும். பயிற்றப்பட்ட பராமரிப்பாளர்கள் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிடுவதால் எஞ்சியோருக்குக் கூடிய சம்பளம் கொடுக்க நேரிடுகின்றது. சில குடும்பத்தினர் முதியவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மாதக்கணக்கில் கட்டணமும் செலுத்தாது, தொலைபேசி அழைப்புக்கும் பதிலளிக்காது இருப்பதுண்டு. ஆகவேதான் வைப்புத் தொகை கேட்கப்படுகின்றது. எனவே விதிகள் இருப்பது குடும்பத்தாருக்கு மட்டுமன்றி நேர்மையாக இயங்கும் இல்லங்களுக்கும் பாதுகாப்பாகும்.

இவ்விடயத்தில் பிரித்தானியாவின் அனுபவம் நோக்கத்தக்கது. எமது உறவினர் பலர் அங்கு வாழ்வதால் அது எமக்கு அந்நியமான கதையுமல்ல. 1971 இல் வீதி விபத்தொன்றில் கை கால்கள் செயலிழந்த பமெலா கொக்லன் என்ற பெண்மணிக்கு, எக்ஸிட்டர் நகரிலுள்ள பராமரிப்பு இல்லமொன்று வாழ்நாள் முழுவதற்குமான வீடு என உறுதியளிக்கப்பட்டிருந்தது. சுகாதார அதிகார சபை அதனை மூட முற்பட்டபோது அவர் நீதிமன்றம் சென்றார். 1999 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒருவரின் முதன்மையான தேவை சுகாதாரம் சார்ந்ததாயின் அச்செலவைத் தேசிய சுகாதார சேவையே ஏற்க வேண்டும் என்ற நிலைப்பாடு அத்தீர்ப்பின் வழியாக உறுதிபெற்றது. அவ்வாறாயின் வீட்டை விற்றும் சேமிப்பைக் கரைத்தும் இல்லக் கட்டணம் செலுத்திய ஏராளமான குடும்பங்கள் தாம் செலுத்தத் தேவையில்லாத பணத்தையே செலுத்தியிருந்தன. 2003 பெப்ரவரியில் சுகாதார சேவைக்கான குறைகேள் அதிகாரி வெளியிட்ட அறிக்கை இதனை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் பழைய கட்டணங்களை மீளக் கோரும் நடைமுறை ஏற்படுத்தப்பட்டது. இறந்தவர்களின் சார்பிலும் பிள்ளைகள் விண்ணப்பித்தனர். 2004 ஏப்ரல் முதல் 2011 மார்ச் வரையான காலத்துக்குரிய கோரிக்கைகளுக்கு 2012 செப்டெம்பர் 30 இறுதித் திகதியாக நிர்ணயிக்கப்பட்டது. அதைத் தவறவிட்டவர்கள் வாய்ப்பை இழந்தனர்.

தனியார் இல்லங்கள் தொடர்பிலும் அங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை 2017 இல் இல்லங்களின் சந்தையை ஆராய்ந்து, 2018 இல் பாவனையாளர் சட்டத்தின் கீழ் இல்லங்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென வழிகாட்டல் வெளியிட்டது. மரணத்தின் பின்னரும் வாரக்கணக்கில் கட்டணம் அறவிடுவது அதில் நியாயமற்றதாகக் கருதப்பட்டது. சேரும்போது பெற்ற பெருந்தொகை தொடர்பில் சன்ரைஸ் சீனியர் லிவிங் என்ற நிறுவனம் 20 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட நட்டஈட்டை வழங்க 2018 இல் உடன்பட்டது. எனினும் இதேபோன்றதொரு கட்டணம் குறித்து கெயார் யூகே நிறுவனத்திற்கு எதிராக அச்சபை தொடுத்த வழக்கு 2021 இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வியடைந்தது. ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, முன்கூட்டியே விளக்கிப் பெறப்பட்ட கட்டணத்தைப் பின்னர் நியாயமற்றது என்று சொல்லித் திரும்பப் பெறுவது எளிதல்ல என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடமாகும். ஆக, கட்டணம் திரும்பக் கிடைப்பதற்கு மூன்று விடயங்கள் அவசியமாகின்றன. எழுதப்பட்ட விதி, முறைப்பாட்டை விசாரிக்கும் நிறுவனம், காலவரையறையை அறிந்து செயற்படும் குடும்பம் ஆகியவையே அவை.

இலங்கையில் இவற்றில் எவை உள்ளன? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் எம்மிடம் உண்டு. 2011 இல் அது திருத்தப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் முதியோருக்கான தேசிய சபை நிறுவப்பட்டது. முதியோருக்குச் சேவை வழங்கும் ஆட்களும் நிறுவனங்களும் பதிவு செய்யப்பட வேண்டுமென்ற ஏற்பாடும் அதில் உண்டு. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி முதியோர் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். ஒரு பிள்ளை மட்டும் இல்லக் கட்டணம் முழுவதையும் சுமக்க, ஏனையோர் கைகழுவி விடும் குடும்பங்களில் இந்த வழி பெரிதும் பயன்படக் கூடியது. ஆனால் விண்ணப்பிக்கும் உரிமை பெற்றோருடையது. பிள்ளைகளுக்கு எதிராக மனுக் கொடுக்க எமது தாய்மார் எத்தனை பேர் முன்வருவர் என்பது எல்லோரும் அறிந்த விடயமே. மேலும், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலான கடமையைப் பற்றிப் பேசும் அளவுக்கு, இல்லத்திற்கும் அதில் வாழ்பவருக்கும் இடையிலான பணக் கொடுக்கல் வாங்கல் பற்றி நாம் பேசுவதில்லை.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக் கூடியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமாகும். சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்படும் என்ற உறுதிப்பாடு ஒப்பந்தத்தில் எழுதப்படாவிடினும் உள்ளடங்கியதாகவே இச்சட்டம் கொள்கின்றது. முறைப்பாட்டை விசாரித்து நட்டஈடு வழங்குமாறோ பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ உத்தரவிடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்து மூலம், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். நாற்பதாம் நாளுக்குப் பின்னர், வருடத் திவசத்திற்குப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இந்த வாய்ப்பை அறியாமலேயே இழந்துவிடுகின்றனர். இல்லம் ஒன்று வர்த்தகரா, தர்ம ஸ்தாபனமா என்ற வாதமும் எழுப்பப்படலாம். இந்த ஐயத்தை நீக்கக் கட்டணம் பெறும் இல்லங்கள் இச்சட்டத்துக்கு உட்பட்டவை என வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும்.

அடுத்த வழி மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குறித்த பெறுமதிக்குக் குறைந்த சிவில் பிணக்குகள் நீதிமன்றம் செல்லுமுன் அங்கு செல்ல வேண்டும். சட்டத்தரணிகள் அங்கு ஆஜராவதில்லை. பணச் செலவின்றி, இரு தரப்பும் நேருக்கு நேர் பேசித் தீர்க்கலாம். தீராவிடின் அதற்கான சான்றிதழைப் பெற்று நீதிமன்றத்தை நாடலாம். எழுத்து மூல ஒப்பந்தமாயின் ஆறு ஆண்டுகளும், வாய்மொழி ஒப்பந்தமாயின் மூன்று ஆண்டுகளுமே வழக்குத் தொடுப்பதற்கான காலம் என 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்திருந்தால் கிடைக்கும் காலம் இரட்டிப்பாகின்றது என்பதை இதிலிருந்து அறியலாம்.

திரும்பி வரும் பணம் யாருக்குரியது என்ற கேள்வியும் முக்கியமானது. அந்த வைப்புத் தொகையை முதியவர் தமது சொந்தப் பணத்திலிருந்து செலுத்தியிருந்தால், அவர் மறைந்த பின்னர் அது அவரது ஆதனமாகும். இல்லத்தில் அவரைச் சேர்த்த மகனுக்கோ மருமகனுக்கோ அது தனியே உரித்தாகாது. முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற உரிமையாளர் கட்டளைச் சட்டத்தின்படி அவர்களது மார்க்க விதிக்கிணங்கப் பங்குகள் பிரிக்கப்பட வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்படாத மலையக, கண்டித் தமிழருக்கு 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி மரணசாசனம் இல்லாதவிடத்து வாழ்க்கைத் துணைக்குப் பாதியும் பிள்ளைகளுக்கு மீதியும் சேரும். மாறாக, பணத்தைச் செலுத்தியது ஒரு பிள்ளை என்றால் அதை நிரூபிக்கும் வங்கிச் சான்று அவரிடம் இருக்க வேண்டும். சேரும்போது யாருடைய பெயரில் பற்றுச்சீட்டு எழுதப்படுகின்றது என்ற சிறு விடயம், பின்னர் சகோதரர்கள் முகம் பார்க்காமல் போவதற்கும் போகாமல் இருப்பதற்கும் காரணமாகலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து காணி, வீடு தொடர்பானது. பராமரிப்பார் என்ற நம்பிக்கையில் பிள்ளைக்கோ உறவினருக்கோ வீட்டை நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் இல்லத்தில் விடப்படும் முதியோர் உள்ளனர். மீளப்பெற முடியாத நன்கொடையாயினும் பாரதூரமான நன்றியின்மையைக் காரணமாகக் காட்டி நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்வதற்கு 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கின்றது. முஸ்லிம்களைப் பொறுத்தவரை, மீளப்பெற முடியாதது என உறுதியிலேயே குறிப்பிடப்படாத நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கருதப்படலாகாது என 1931 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. நொத்தாரிசு வாசிக்கும் அந்த ஒரு வரியைக் கேட்டு விளங்கிக்கொள்ளாமல் ஒப்பமிடுவது ஒரு வாழ்நாள் உழைப்பையே பணயம் வைப்பதாகும். இந்தியாவின் 2007 ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுக்கப்பட்ட சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் நியாய சபையின் மூலமே இரத்துச் செய்ய இடமளிக்கின்றது. முதியவர் ஒருவரை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்திற்கு அலையவிடாத இத்தகைய ஏற்பாடு எமக்கும் தேவை.

இவ்வளவும் பணம் செலுத்தக் கூடியவர்களின் கதை. கண்டியைச் சூழ்ந்த தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட, புசல்லாவை தோட்டங்களில் வாழ்ந்து முதுமையடைந்தவர்களுக்கு மீளக் கோருவதற்கே எதுவுமில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இப்பகுதியிலேயே உள்ளது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் கொழுந்து பறித்த கைகள் முதுமையில் லயன் அறையின் மூலையிலேயே ஓய்கின்றன. ஊழியர் சேமலாப நிதி கையில் கிடைத்ததும் பிள்ளைகளின் திருமணத்திலும் பழைய கடன்களிலும் கரைந்துவிடுகின்றது. குறைந்த வருமானமுடைய முதியோருக்கான மாதக் கொடுப்பனவு 2025 இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது மருந்துக்கும் பால்மாவுக்குமே போதாது. ஆதரவற்ற முதியோருக்கு வதிவிட வசதி செய்து கொடுப்பது அரசின் பொறுப்பாகும். தோட்டப் பகுதியில் அது எவ்வளவு நிறைவேற்றப்பட்டுள்ளது என்று மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

இன்று செய்யப்பட வேண்டியவை கடினமானவையல்ல. பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மும்மொழிகளிலும் காட்சிப்படுத்தப்பட வேண்டும். முதியோருக்கான தேசிய சபை, கட்டணம் அறவிடும் இல்லங்களுக்கென மாதிரி ஒப்பந்தமொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தயாரித்துக் கட்டாயமாக்க வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய தாளில் எமது மக்களிடம் ஒப்பம் பெறும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும். வைப்புத் தொகை இல்லத்தின் அன்றாடச் செலவுக் கணக்கில் கலக்காது தனி வங்கிக் கணக்கில் இடப்பட வேண்டும். மரணம் அல்லது வெளியேற்றத்தின் பின் எஞ்சிய நாட்களுக்குரிய கட்டணமும் வைப்பும் முப்பது நாட்களுக்குள் கணக்கறிக்கையுடன் திருப்பப்பட வேண்டும். கட்டண உயர்வுக்கு முன்னறிவித்தல் தேவை. வைத்தியசாலையில் உள்ள காலத்துக்கு உணவு, பராமரிப்புச் செலவைக் கழித்து அறைக்கு மட்டும் அறவிடுவது இரு தரப்புக்கும் நியாயமாகும்.

குடும்பத்தினரும் தமது பங்கைச் செய்ய வேண்டும். சேர்க்கும் நாளிலேயே பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பணத்தை வங்கி மூலம் செலுத்தி, ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பேண வேண்டும். உணவு, வழிபாடு, தாதியர் சேவை பற்றிய வாய்மொழி உறுதிகளை ஒப்பந்தத்தில் எழுதுவிக்க வேண்டும். மரணம் நேர்ந்தால் யாருக்கு உடனே அறிவிப்பது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்ய வேண்டிய முஸ்லிம் குடும்பத்திற்கு இது பணத்தை விடப் பெரிய விடயமாகும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் இவ்விடயத்தில் உதவ முடியும். ஏழைகளுக்கு உலர் உணவு வழங்குவது போன்றே, ஓர் ஒப்பந்தத்தை வாசித்து விளங்க வைக்கக் கூடிய ஒரு சட்டத்தரணியை மாதமொருமுறை அழைப்பதும் தர்மமே. அண்டை அயலில் உள்ள இல்லங்களுக்குச் சென்று, எவரும் வந்து பார்க்காத முதியவர்களைச் சந்திப்பது அதனிலும் மேலான பணியாகும். வெளியாட்கள் வந்து போகும் இல்லத்தில் கவனிப்பும் கணக்கும் தாமாகவே சீராகும்.

பெற்றோரை இல்லத்தில் விட்டமை சரியா தவறா என்ற விவாதத்தை எமது சமூகங்கள் நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. அது முடியப்போவதில்லை. ஆனால் அந்த விவாதம் ஏற்படுத்தும் குற்றவுணர்வு, செலுத்திய பணத்துக்கு உரிய சேவையைக் கேட்கும் வாயையும் அடைத்துவிடக் கூடாது. கணக்குக் கேட்கும் பிள்ளை பணத்தாசை பிடித்தவனல்ல. அவன் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், இன்னமும் அந்த இல்லத்தின் கட்டிலில் இருக்கும் மற்றொரு தாய்க்கும் தந்தைக்கும் பாதுகாப்பாக அமைகின்றது. சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகள் முறைப்பாடு வரும்வரை காத்திராது விதிகளை வகுக்க முன்வர வேண்டும்.